ரெண்டாம் நாள் மத்தியானம் கலாதேவி

கலாதேவியப் பத்தி எழுதித் தரச் சொல்லி மெலிண்டா ரெண்டு வாரமா என் உயிர எடுக்குறா. "ஒரு பக்கம் போதும் அக்கா, கடைசியில கொஞ்சம் நம்பிக்கை வர்ற மாதிரி முடிச்சிருங்க"ன்னு. மெலிண்டா எங்க ஆபீஸ்ல பயிற்சிக்கெல்லாம் ஏற்பாடு பண்றவ. நல்ல பொண்ணு. ஆனா அவளுக்கு எல்லாத்துக்கும் கடைசியில நம்பிக்கை வேணும். எங்கிட்ட ஸ்டாக் இல்ல லா. நடந்ததச் சொல்றேன். வேணும்னா போட்டுக்கட்டும், வேணாம்னா குப்பையில போடட்டும்.

மொதல்ல நான் யாருன்னு சொல்லிர்றேன். நான் ஆலிஸ். தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற டிரசர் பாஸ்கலோட மக. ஈப்போவுல இருபத்தாறு வருஷமா ஆலோசகர் வேலை. அடி வாங்கின பொம்பளைங்க, குடியில விழுந்த பொம்பளைங்க, ரெண்டும் ஒன்னா சேந்தவங்க, இவங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்னு நர்ஸுங்களுக்கும் நல அதிகாரிங்களுக்கும் இல்லத்து வார்டன்களுக்கும் மூணு நாள் பயிற்சி குடுக்குறேன். ஓட்டல் மண்டபம், ஏர்கோன், கழுத்துல அட்டை, டீ பிரேக்குல கறிபாப்பு. மொத நாள் மொத சிலைடுல நான் போடுறது என்னா தெரியுமா? "அவளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள்." ஒருத்தி தனக்கு நடந்தத ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் அது அவளுக்கு மறுபடியும் நடக்குதுன்னு அரை மணி நேரம் விளக்குவேன். எல்லாரும் தலைய ஆட்டி எழுதிக்குவாங்க. ரெண்டாம் நாள் மத்தியானம், பிரியாணியத் தின்னுட்டு எல்லாருக்கும் கண்ணு சொருகுற நேரத்துல, கலாதேவியக் கூப்பிட்டு அவ கதையச் சொல்ல வைப்பேன். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயிலு. நான் கோயிலுக்குப் போறவ இல்ல, மாதா கோயில் ஆளு. ஆனாலும் இந்தப் பழமொழிய எனக்குன்னே செஞ்சு வச்சாப்ல இருக்கு.

பதினோரு தடவ சொன்னா. பதினோரு தடவையும் நாந்தான் பக்கத்துல நின்னு மலாய்ல மாத்திச் சொன்னேன். அவளுக்கு மலாய் வராதுன்னு நெனச்சிராதீங்க. வேலை பாக்குற டோபி கடையில நாள் பூரா மலாய்லதான் வாயாடுறா. இந்தக் கதை மட்டும் அவளுக்குத் தமிழ்லதான் வரும். "ஏம்மா, நீயே மலாய்ல சொல்லிரலாமே?"ன்னு மொத தடவ கேட்டேன். "நடந்தது தமிழ்லதானே அக்கா நடந்துச்சு"ன்னா.

அவளுக்கு இப்ப முப்பத்தெட்டு வயசு. பத்து காஜா ஊருப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பொறந்தவ. அப்பன் சின்ன வயசுலயே போயிட்டாரு. அம்மா செல்லாயி பால்மரம் வெட்டுனவ. மரம் வெட்டுறவங்க எல்லாம் விடியறதுக்கு முன்ன பெரட்டுக்குப் போயி நிக்கணும், அதான் வேலைக்குப் பேர் கூப்பிடுற எடம். அஞ்சு மணிக்கு லயத்து வரிசையில ஒவ்வொரு வீடா வெளக்கு எரியும், பெரியவங்க எல்லாம் தலையில லாம்பக் கட்டிக்கிட்டுக் கெளம்பிருவாங்க. நம்ம ஊர்ல வெளிச்சம் வர ஏழாகும். அந்த ரெண்டு மணி நேரம் லயத்துல இருக்குறது பிள்ளைங்க மட்டுந்தான். வேலை தேடி வந்து அவங்க வீட்டுல தங்குனவன் செல்லாயியோட கூடப்பொறந்த தம்பி. கலாவுக்குப் பதினோரு வயசு. ரெண்டு வருஷம் நடந்துச்சு. இதுக்கு மேல நான் விவரம் சொல்ல மாட்டேன், பதினோரு தடவ சொல்ல வச்சது போதும்.

ஒரு நாள் பெரட்டு முடிஞ்ச கையோட மழை புடிச்சுக்கிச்சு. மழையில மரம் வெட்ட முடியாது. செல்லாயி பாதி வழியில திரும்பி வீட்டுக்கு வந்துட்டா. கதவத் தொறந்து பாத்தா. பால் வெட்டுற கத்தி கையிலதான் இருந்துச்சு. சொந்தத் தம்பிய அந்தக் கத்தியோட லயம் பூரா ஓட ஓட வெரட்டியிருக்கா, மழையில, எல்லாரும் பாக்க. அவன் அன்னைக்குப் போனவந்தான். கங்காணி வந்து, "வெளிய தெரிஞ்சா பொம்பளப்புள்ள வாழ்க்க போயிரும்"னு அமுக்கிட்டாரு. போலீசு இல்ல, ஒன்னும் இல்ல. ஆனா செல்லாயி மறுநாள்லேர்ந்து மரம் வெட்டப் போகல. புல்லு புடுங்குற வெளிக்காட்டு வேலைக்கு மாத்திக்கிட்டா, வெளிச்சம் வந்தப்புறம் கெளம்புனாப் போதும்னு. "எனக்காக ஒருத்தன வெரட்டுனது என் ஆயுசுக்கும் எங்கம்மா ஒருத்திதான் அக்கா"ன்னு கலா சொல்வா. ஒவ்வொரு தடவையும் அந்த எடத்துல மட்டும் அவ மொகத்துல ஒரு சிரிப்பு வரும்.

நான் அதையெல்லாம் எப்படி மாத்திச் சொன்னேன் தெரியுமா? அவ "எங்கம்மாவோட தம்பி"ம்பா. நான் மலாய்ல "குடும்பத்துக்குத் தெரிஞ்ச ஒருத்தர்"னுவேன். அவ "கங்காணி அமுக்கிட்டாரு"ம்பா. நான் "அக்காலத்தில் உதவி கிடைக்கவில்லை"ன்னுவேன். மண்டபத்துல நாலு இனத்துக்காரங்க உக்காந்திருக்காங்க, நம்ம சனத்தோட மானத்த நாமளே சந்தியில இழுத்து விடணுமான்னு ஒரு நெனப்பு. ஒரு தடவ டீ குடிக்கும்போது கலா சிரிச்சுக்கிட்டே சொன்னா, "நீங்க பாதிதான் அக்கா சொல்றீங்க. பரவால்ல, அவங்களுக்குச் சாப்பிட்டது செரிக்கணும்ல." எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனாலும் திருந்தல.

மீதிக் கதை சுருக்கந்தான். தோட்டத்த வித்து எண்ணெய்ச் செம்பன போட்டாங்க, அப்புறம் வீடு கட்டுனாங்க. இவங்க ஈப்போ பக்கம் மலிவு வீட்டு அடுக்குமாடிக்கு வந்தாங்க. இனிப்பு நீரு முத்திச் செல்லாயி செத்தா. கலாவுக்கு அப்ப பத்தொம்பது. சிம்பாங் பூலாய் கல்லு மலையில லோரி ஓட்டுன தர்மாவக் கட்டிக்கிட்டா. அவன் குடிச்சான், அடிச்சான். கலாவுக்குத் தூக்கம் தானா நாலரைக்குக் கலைஞ்சிரும். அந்த அஞ்சு மணியத் தாண்டுறதுக்கு சம்சு சாராயப் போத்தல்ல ஒரு மூடி, அப்புறம் ரெண்டு மூடி, அப்புறம் போத்தலு. தஞ்சோங் மாலிம்ல கார் தொழிற்சாலையில வேலைன்னு சொல்லிட்டுக் கெளம்புன தர்மா திரும்பி வரவே இல்ல. ஒரு நாள் காலையில அம்மா எழும்பலன்னு எட்டு வயசு மக தினேஸ்வரி தானே மைலோ கலக்கச் சுடுதண்ணி வச்சுக் கையில ஊத்திக்கிட்டா. பள்ளிக்கூடத்துல டீச்சர் பாத்தாங்க. பிள்ளைய ஈப்போவுல ஒரு சிறுவர் காப்பகத்துல சேத்துட்டாங்க.

அதுக்கப்புறம் மூணு தடவ விட்டுட்டுத் திரும்பக் குடிச்சா. நாலாவது தடவ எங்க பயிற்சி நடக்குற அதே வட்டாரத்துல இருக்குற ஒரு பொம்பளைங்க இல்லத்துக்கு வந்தா. அந்த இல்லத்துக்கு ஆலோசகரும் நாந்தான். அங்க ஒரு விதி. பன்னெண்டு மாசம் அவ பேருல ஒரு சம்பவ அறிக்கைகூட ஏறக் கூடாது. ஏறலன்னா இல்லம் சிபாரிசு பண்ணும், நல அதிகாரி கையெழுத்துப் போடுவாங்க, தினேஸ்வரி வீட்டுக்கு வந்துரலாம். இன்னொரு அவசரமும் இருந்துச்சு. அந்தக் காப்பகத்துல பன்னெண்டு வயசு வரைக்குந்தான் எடம். சனவரியில தினேஸுக்குப் பன்னெண்டு முடியுது. அதுக்குள்ள அம்மாகிட்ட வரலன்னா ஜொகூர்ல இருக்குற பெரிய காப்பகத்துக்கு அனுப்பிருவாங்க.

பதினோரு மாசம். ஒரு சொட்டு இல்ல. எத்தனையோ பேரப் பாத்திருக்கேன், இப்படி ஒருத்தியப் பாத்ததில்ல. டோபி கடைக்காரம்மாகிட்ட பேசி வேலைய எட்டு மணிக்கு மாத்திக்கிட்டா. "காலையில அஞ்சு மணிக்கு நான் அவ பக்கத்துல இருக்கணும் அக்கா, அது ஒன்னுதான் வேணும்"னா. சிம்பாங் பூலாய்ல ஒரு ரூம்பு பேசி வச்சா. ரெண்டு அடுக்குக் கட்டில் ஒன்னு பழசா வாங்கிப் போட்டிருந்தா. ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கெழம பிள்ளையப் பாக்கப் போவா. தினேஸ் ஒவ்வொரு தடவையும் கேக்குறது, "மேல் கட்டில் எனக்குத்தானே மா?" கலா சொல்வா, "மேல நீ. கீழ நான், கதவுப் பக்கம்."

இப்ப எம் பங்குக்கு வாரேன்.

போன தீபாவளிக்குப் பத்து நாளைக்கு முன்ன பயிற்சி. ரெண்டாம் நாள், கலா பேசி முடிச்சு, எல்லாரும் மூக்கச் சிந்திக்கிட்டு அவகூட நின்னு படம் புடிச்சு முடிச்சாச்சு. நான் கறிபாப்பு ஒன்னக் கடிச்சுக்கிட்டு அடுத்த சிலைடத் தேடிக்கிட்டிருந்தேன். கலா பக்கத்துல வந்து நின்னா. "அக்கா, ஒன்னு கேக்கணும். தீபாவளிக்கு முந்தின நாளு எங்கம்மாவுக்குப் படைக்கணும்." நம்ம இந்துக்கள் வீட்டுல செத்தவங்களுக்கு அன்னைக்குப் படையல் போடுவாங்க. அவங்களுக்குப் புடிச்சது எல்லாம் வைக்கணும். கோழி புடிச்சவங்களுக்குக் கோழி, சுருட்டு புடிச்சவங்களுக்குச் சுருட்டு. செல்லாயி சம்பள நாளுல ஒடம்பு வலிக்கு ஒரு ஸ்டவுட்டு, அதான் கருப்பு பீரு, குடிப்பா, தகரக் கோப்பையில ஊத்தி, மாசத்துக்கு ஒன்னே ஒன்னு.

"போன வருசம் நான் போதையில கெடந்தேன், படைக்கவே இல்ல. இந்த வருசமாச்சும் வைக்கணும் அக்கா. ஒரு ஸ்டவுட்டு. படைச்சு முடிச்சதும் நேரா அலூர்ச் சாக்கடையில ஊத்திர்றேன். நான் மோந்துகூடப் பாக்க மாட்டேன். தப்பா?"

நான் வாயில மாவு அடைச்சிருக்க, "வை லா, உன் அம்மாவுக்குத்தானே. ஒன்னும் ஆகாது"ன்னேன்.

"புனிதா அக்கா ஒத்துக்குவாங்களா?" புனிதா அந்த இல்லத்து வார்டன். இல்லத்து மண்டபத்துல போடுற படையல் சைவம் மட்டுந்தான்னு அவளோட கண்டிஷன்.

"புனிதாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ கவலப்படாத."

சொன்னேனா? இல்ல. மறந்துட்டேன். அடுத்த சிலைடு கெடச்சிருச்சு, மறந்துட்டேன். அந்தச் சிலைடுல என்னா இருந்துச்சு கேளுங்க: "வாய்மொழியாக எந்த அனுமதியும் தராதீர்கள். எழுதி வையுங்கள்." நானே எழுதுனது.

தீபாவளிக்கு முந்தின நாளு சாயங்காலம், படையல் நேரத்துக்கு முன்ன, புனிதா கலாவோட பையில அந்தப் போத்தலக் கண்டுபுடிச்சா. வாழையெலையில சுத்தி, செல்லாயி போட்டோவோடயும் அந்தத் தகரக் கோப்பையோடயும் வச்சிருந்தா. மூடி தொறக்கல. கலா சொல்லியிருக்கா, "ஆலிஸ் அக்கா உங்ககிட்ட சொல்லலயா?"ன்னு. புனிதா நம்பல. நம்ம புனிதாவும் என் பயிற்சிக்கு வந்தவதான், கலா பேசுனப்ப மண்டபத்துலயே ஆக அதிகமா அழுதவ. அழுதவளே அன்னைக்கு ராத்திரி சம்பவ அறிக்கை எழுதுனா. அவளையும் திட்ட முடியாது. விதி அப்படி. போத்தல் கையில இருந்தா சம்பவம். படையல் நடக்கல. செல்லாயி அந்த வருசமும் பட்டினி.

அடுத்த வாரம் இல்லத்துல கூட்டம். சின்ன அறை. இல்லத்துத் தலைவர், நல அதிகாரி, புனிதா, நான். எதுத்தாப்ல கலா. அந்த நல அதிகாரி மலாய்க்காரம்மா, தங்கமான மனுசி. ரெண்டு வாரத்துக்கு முன்னதான் என் பயிற்சியில மொத வரிசையில உக்காந்து நான் சொன்னத எல்லாம் எழுதிக்கிட்டவங்க. அறிக்கையப் படிச்சிட்டு அவங்க நிதானமாச் சொன்னாங்க: "மூடி தொறக்கல. சோதனையிலயும் ஒன்னும் இல்ல. இது அவங்க வழக்கம்னு எனக்குப் புரியுது. பொறுப்புல இருக்குற யாராச்சும் அனுமதி குடுத்திருந்தா இது சம்பவமே இல்ல, நான் அறிக்கைய அடிச்சிருவேன். யாராச்சும் குடுத்தீங்களா?"

கலா என்னப் பாத்தா. "ஆலிஸ் அக்காகிட்ட கேட்டேன் புவான்"னா, அன்னைக்கு மலாய்லயே.

எல்லாரும் என் பக்கம் திரும்புனாங்க.

ஆமா, கேட்டா, நான் வைக்கச் சொன்னேன், புனிதாகிட்ட சொல்ல மறந்துட்டேன். இவ்வளவுதான். நாலு வார்த்த. எனக்கு என்னா ஆகியிருக்கும்? வேலை போயிருக்குமா? போகாது. யாராச்சும் அடிச்சிருப்பாங்களா? இல்ல. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குற ஆலிஸ் தானே விதிய மீறிட்டா, எழுதாம விட்டுட்டா, மறந்துட்டான்னு அந்தம்மா ஒரு நிமிசம் என்னப் பாப்பாங்க. அந்த ஒரு பார்வைக்கு பயந்தேன். சீ! எனக்கே வாய் கூசுது.

"என் குறிப்புல அப்படி ஒன்னும் இல்லயே"ன்னேன். அப்படியே வந்துச்சு வாயில. நரம்பில்லாத நாக்கு. பொய்யுங்கூட இல்ல பாருங்க, குறிப்புல இல்லதான். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறதுக்கு நாங்க படிச்சவங்க கண்டுபுடிச்ச வழி அது.

கலா கத்துவான்னு நெனச்சேன். கத்தியிருந்தா ஒருவேளை நான் ஒடஞ்சிருப்பேன். அவ தலையக் குனிஞ்சு, "சரி. நான் கேக்கல. நானாதான் வாங்குனேன்"னா. ஏன் அப்படிச் சொன்னான்னு எத்தனையோ நாளு யோசிச்சிருக்கேன். பெரியவங்க எடுத்த முடிவோட மல்லுக்கட்டுனாத் தனக்குத்தான் அடி விழும்னு பதினோரு வயசுல கத்துக்கிட்டவ அவ. அதையும் நான் சிலைடுல போட்டிருக்கேன், மூணாம் நாளு காலையில.

தலைவர் "இன்னைக்கு மூடி தொறக்கல, நாளைக்கு?"ன்னு ஒரு கேள்வியப் போட்டாரு. பன்னெண்டு மாசம் மறுபடி முதல்லேர்ந்துன்னு முடிவாச்சு. சனவரியில தினேஸ்வரி ஜொகூருக்குப் போயிட்டா.

பஸ் ஏத்தி விட நானும் போனேன். போகாம இருந்திருக்கலாம். தினேஸ் ஜன்னல் வழியா, "மா, கட்டில வித்துராத"ன்னா. கலா "விக்க மாட்டேன்"னா. அவ்வளவுதான் பேசிக்கிட்டாங்க. பஸ்ஸு போனதும் கலா என்னைத் திட்டுவான்னு நின்னேன். அவ "வேலைக்கு நேரமாச்சு அக்கா, நான் போறேன்"னு போயிட்டா. இல்லத்த விட்டும் போயிட்டா. சிம்பாங் பூலாய் ரூம்புல தனியா இருக்கா.

இனிமே குடிச்சிருவான்னு எல்லாரும் காத்துக்கிட்டிருந்தாங்க. புனிதா சொன்னா, தலைவர் சொன்னாரு. வெக்கத்த விட்டுச் சொல்றேன், நானும் உள்ளுக்குள்ள காத்துக்கிட்டுதான் இருந்தேன். அவ குடிச்சிட்டா "பாத்தீங்களா, பிள்ளைய அவகிட்ட அனுப்பாதது நல்லதாப் போச்சு"ன்னு நிம்மதியாத் தூங்கலாம்ல? என்னா சென்மமோ நான். அவ குடிக்கல. இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு இல்ல. அது என்னைத் தெனமும் அறையுது.

மார்ச்சுல அடுத்த பயிற்சி. மெலிண்டாவுக்கு ஒன்னும் தெரியாது, வழக்கம்போலக் கலாவுக்கு போன் போட்டுட்டா. "வர்றேன்னாங்க அக்கா!"ன்னு சந்தோசமா வந்து சொன்னா. வேணாம்னு சொல்லியிருக்கலாம். என்னான்னு காரணம் சொல்றது?

ரெண்டாம் நாள் மத்தியானம். பிரியாணி முடிஞ்சிருச்சு. நாப்பது பேரு. கலா டோபி கடைச் சட்டையோடயே வந்திருந்தா. மைக்கப் புடிச்சுக்கிட்டு என் பக்கம் திரும்பாமலே தமிழ்ல ஆரம்பிச்சா.

"என் பேரு கலாதேவி. எனக்குச் சின்ன வயசுல நடந்தத பதினோரு தடவ இங்க சொல்லிட்டேன். இன்னைக்கு அதச் சொல்ல வரல. போன தீபாவளிக்கு நடந்ததச் சொல்றேன்."

நான் மலாய்ல மாத்துனேன்.

"எங்கம்மாவுக்கு ஒரு ஸ்டவுட்டு படைக்கணும்னு இந்த அக்காகிட்ட கேட்டேன். இந்தா நிக்கிறாங்களே, இவங்கதான். வைன்னாங்க. வார்டன்கிட்ட தானே சொல்லிக்கிறேன்னாங்க. சொல்லல. கூட்டத்துல கேட்டப்ப, தெரியாதுன்னுட்டாங்க."

மைக்கு எங்கிட்ட வந்துச்சு. மூணாவது வரிசையில ஒரு தமிழ் நர்ஸு வாயில கைய வச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டிருந்தா. மத்தவங்க எல்லாம் மலாய்க்காகக் காத்துக்கிட்டிருந்தாங்க. "நம்பிக்கைக்குரிய ஒருவர்"னு சொல்லிரலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கர்த்தர் சாட்சியாச் சொல்றேன், வந்துச்சு. அந்த நர்ஸுக்கு பயந்தோ என்னமோ, முழுங்கிட்டேன். "அவங்க எங்கிட்ட கேட்டாங்க. நான் வைக்கச் சொன்னேன். வார்டன்கிட்ட சொல்ல மறந்துட்டேன். கூட்டத்துல பொய் சொன்னேன்"னு மலாய்ல, ஒரு வார்த்த கொறைக்காம, மொத தடவையா முழுசாச் சொன்னேன்.

கலா கடைசியா ஒன்னு சொன்னா. "என் மக இப்ப ஜொகூர்ல இருக்கா. காலையில அஞ்சு மணிக்கு அவ பக்கத்துல யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது." அதையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுட்டேன்.

அப்புறம் கை தட்டுனாங்க. ஒருத்தர் எழும்ப, எல்லாரும் எழும்பி நின்னு தட்டுனாங்க. எனக்கு ஒன்னும் புரியல. சாயங்காலம் மதிப்பீட்டுத் தாளுங்கள மெலிண்டா பொரட்டிக்கிட்டே வந்தப்பதான் புரிஞ்சுச்சு. "இரண்டாம் நாள் நாடகப் பயிற்சி மிகச் சிறப்பு. பயிற்றுநரே தவறு செய்தவராக நடித்தது தத்ரூபம்." அஞ்சுக்கு அஞ்சு. நடிப்பாம். மொத நாளு அவங்களுக்கு நாங்க அப்படி நடிச்சுக் காட்டுற பயிற்சி வச்சிருந்தோம், இதையும் அந்தக் கணக்குல சேத்துட்டாங்க. அந்தத் தமிழ் நர்ஸோட தாளு மட்டும் வெறுமையா இருந்துச்சு.

மறுநாளே நல அதிகாரிக்கு எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புனேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆறு வாரம் கழிச்சுப் பதில் வந்துச்சு, மரியாதையாத்தான் எழுதியிருந்தாங்க. பிள்ளை புதுப் பள்ளிக்கூடத்துல சேந்துட்டா, இப்ப மறுபடி எடம் மாத்துனா அவ மனசு பாதிக்கும், வருசக் கடைசியில புதுசா விண்ணப்பம் போட்டாப் பாக்கலாம்னு. பிள்ளைய அடிக்கடி எடம் மாத்தாதீங்கன்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தான். புது விண்ணப்பத்துக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்னு கலாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். இன்னும் பதில் இல்ல.

மெலிண்டா, நீ கேட்ட நம்பிக்கை இங்க எங்கயாச்சும் இருக்கான்னு நீயே தேடிப் பாத்துக்க. எனக்கு அன்னைக்கு மண்டபத்து வாசல்ல நடந்ததுதான் கண்ணுல நிக்குது. உள்ள இன்னும் கை தட்டிக்கிட்டிருந்தாங்க. கலா பைய மாட்டிக்கிட்டுச் செருப்பத் தேடிக்கிட்டிருந்தா. நான் பின்னாடியே ஓடிப் போயி, "சொல்லிட்டேன் கலா. ஒன்னு விடாம சொல்லிட்டேன்"னேன், மூச்சு வாங்க, என்னமோ பெரிய காரியம் செஞ்சுட்ட மாதிரி.

அவ செருப்ப மாட்டிக்கிட்டு நிமிந்து பாத்தா. கோவம் இல்ல. களைப்பா இருந்தா.

"நாப்பது பேருகிட்ட சொல்லிட்டீங்க அக்கா. அன்னைக்கு அந்த அறையில மூணு பேருதானே இருந்தாங்க."